குடையை விரிக்கச் சொன்னவள்

மதுரை,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ராசா,

உன் கடிதம் நேற்றுத் தபாலில் வந்தது. தபால்காரர் நம் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே உன் அப்பா ஓடிப்போய் வாங்கிவிட்டார். படித்தார். படித்ததைக் கடையில் வாடகை சைக்கிள் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார். பஞ்சர் ஒட்ட வந்த அவனியாபுரத்துக்காரர் ஒருவருக்கு இரண்டு தரம் படித்தார். அதற்குப் பிறகுதான் கடிதம் என் கைக்கு வந்தது. நீ சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகிவிட்ட சேதி எனக்குத் தெரிவதற்குள் பாதி மதுரைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "அப்பா சம்மதிப்பார் என்று தெரியும், அம்மா சரி என்று எழுதினால்தான் பயிற்சிக்கு வேலூருக்கு ரயில் ஏறுவேன்" என்று, அந்த வரியை மட்டும் அவர் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. கெட்டிக்கார மனுஷன்.

எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன், உன் அப்பா அதையும் ரசித்துச் சாப்பிட்டு எழுந்தார். ஊரே இப்போது இப்படித்தான் இருக்கிறது. இன்னும் சில நாளில் வெள்ளைக்காரன் கொடி இறங்கப் போகிறது. தையல்காரர்களுக்குக் கொடி தைத்து மாளவில்லை. சித்திரைத் திருவிழா ஆடியில் வந்துவிட்டதுபோல மாசி வீதிகளில் ஜனம் காரணமில்லாமல் நடக்கிறது, காரணமில்லாமல் சிரிக்கிறது. இந்த நேரத்தில் என் மகன் காக்கிச் சட்டை போடப் போகிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு கொள்ளும்? உன் அப்பா சொல்கிறார், "இனி அது வெள்ளைக்காரன் போலீசு இல்ல, நம்ம போலீசு. இனிமே என்ன பயம்?" வேலூர் ஜெயிலில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர் சொல்கிறார்! "எம் மகன் போற ஊரு எனக்குப் பழக்கமான ஊருதேன்" என்று அதையும் வேடிக்கையாக்கிவிட்டார்.

நீ கேட்டிருப்பது வேறு. "அப்பாவைக் கொண்டுபோனவர்களோடு நான் போய்ச் சேரலாமா? போலீஸ் நியாயமாக நடக்கும் என்று நம்பலாமா? அம்மா, நீ மனசில் உள்ளதைச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஆகஸ்டு மாதம் நம் வீட்டில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது பாளையங்கோட்டையில் காலேஜ் விடுதியில் இருந்தாய். படிப்புக் கெடும் என்று நாங்கள் பாதியை மறைத்துத்தான் எழுதினோம். இப்போது முழுசையும் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே யோசித்துக்கொள். உன்னோடு பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கும் படித்துக் காட்டு. உங்கள் எல்லாருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

நம் கடைக்கு எதிரே காபிக் கடையில் தினமும் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பாரே, குடையும் கையுமாக, உனக்கு ஞாபகம் இருக்கும். ரகசியப் போலீஸ். ரகசியம் என்று பெயர்தான், அவர் வந்து உட்கார்ந்தால் தெருப் பிள்ளைகள் "சி.ஐ.டி. மாமா வந்தாச்சு" என்று பாட்டுப் பாடும். கதர் கட்டிய யாராவது நம் கடைக்கு வந்து சைக்கிள் எடுத்தால் இவரும் பின்னாலேயே போக வேண்டும். போவதற்குச் சைக்கிள் வேண்டுமே? அதையும் நம் கடையில்தான் வாடகைக்கு எடுப்பார். "அண்ணே, முன் வண்டி சமயநல்லூருக்குப் போகுது, சீக்கிரம் மிதிங்க" என்று உன் அப்பாவே காற்றடித்துக் கொடுத்து அனுப்புவார். நான் மோர் கொடுத்திருக்கிறேன். என்னைத் தங்கச்சி என்பார். அவர் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கு வெயில் ஆகாது. தலையில் வெயில் பட்டால் ஒரு பக்கம் வலிக்கும் என்பார். மதுரை வெயிலில் அவர் குடை பிடிக்காமல் நடந்து நான் பார்த்ததே கிடையாது.

அந்த மாதம் ஊர் கொந்தளித்துப் போயிருந்தது. சமயநல்லூர்ப் பக்கம் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அறுத்தவர்கள் சைக்கிளில் வந்தார்கள் என்று பேச்சு. சைக்கிள் என்றால் நம் கடை. ஒரு நாள் காலை, நான் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், கடை வாசலில் பூட்ஸ் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு இன்ஸ்பெக்டர், சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர், சாட்சிக்காகக் கூட்டி வந்த காபிக் கடைக்காரர், கடைசியாக நம் குடைக்காரர். உன் அப்பா திருப்புளியைக் கையில் பிடித்தபடி சிலையாக நிற்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது, ராசா. சைக்கிளை வாடகைக்கு விட்டார், அவ்வளவுதான். கம்பி அறுத்தவர்கள் யார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு துண்டுக் கம்பி நம் வீட்டில் அகப்பட்டால் போதும், அவர் பல வருஷம் உள்ளே போவார் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

நான் திருமங்கலத்துக்கு மேற்கே பிறந்தவள். எங்கள் ஊரில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. என் சித்தப்பா வைக்கோல் போரில் சாராயப் பானை எடுத்தோம் என்று ஒரு தரம் கேஸ் போட்டுவிட்டார்கள். சித்தப்பா வாயில் ஒரு சொட்டு வைத்தவரில்லை. கேஸ் நடத்திய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம், "சோதனை போட வந்தவங்களை நீங்க முதல்ல சோதனை போட்டிருக்கணும்ப்பா. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. கேட்கணும், கேட்டாத்தான் கிடைக்கும்." அதற்குப் பிறகு எங்கள் ஊரில் போலீஸ் யார் வீட்டு வாசலுக்கு வந்தாலும் தலைப்பாகையையும் பெல்ட்டையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க முடியும். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பதுபோல அது எங்களுக்குச் சாதாரணம். மதுரையில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பதே எனக்குத் தெரியாது.

தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். "வீட்டைச் சோதனை போடணும்மா, வழி விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தாராளமாப் போடுங்க. அதுக்கு முன்னாடி உங்களைச் சோதனை போடணும்."

"என்னது?"

"எங்க ஊருல அப்படித்தேன். உள்ள வாரவுக என்ன கொண்டு வாராகன்னு வீட்டுக்காரவுக முதல்ல பாப்பாக. நான் தொட மாட்டேன், காபிக் கடை அண்ணன் பாக்கட்டும்."

உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார். "அடியே, சும்மா இரு, சும்மா இருடி" என்கிறார். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கான்ஸ்டபிள், "யாரைப் பாத்து என்ன பேசுற?" என்று லத்தியை ஓங்கினான்.  பொய் சொல்வானேன், எனக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது. தேர் வடத்தைப் பிடித்து எல்லோரும் இழுக்கும்போது உடம்புக்குள் ஏறுமே, அந்த மாதிரி. இன்ஸ்பெக்டர் என் கரண்டியையும் கூட்டத்தையும் பார்த்தார். கான்ஸ்டபிளிடம் "லத்தியை இறக்கு" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் காபிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுத் தெருவில் நின்றார்.

அதை நீ பார்த்திருக்க வேண்டும்! நம் தெருவில் இன்ஸ்பெக்டர் ஒருவர் கையைத் தூக்கி நிற்கிறார். காபிக் கடைக்காரர் விரல் நுனியால் அவர் பையைத் தொடுகிறார், ஏதோ சாமியைத் தொடுவதுபோல. ஒன்றும் இல்லை. கான்ஸ்டபிள்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். ஒருவன் தலைப்பாகைக்குள்ளிருந்து பாதி பீடியும் வெற்றிலையும் விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது, லத்தி ஓங்கினவன் முகம் செத்துப் போனது. குடைக்காரர் தானாகவே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். "பாத்துக்கோ தங்கச்சி, நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன். அந்த வெயிலில் குடையை மடக்கி அக்குளில் இடுக்கியிருந்தார்.

"அண்ணே, குடை?"

"குடைக்கு என்னா?"

"விரிங்க."

"வாசப்படியில குடை விரிக்கக் கூடாது தங்கச்சி. வீட்டுக்கு ஆகாது."

"எங்க வீட்டுக்கு ஆகாததை நாங்க பாத்துக்கிறோம். விரிங்கண்ணே."

"மழையா பெய்யுது?"

"வெயிலு இம்புட்டு அடிக்குதுல்ல? ஒரு நாளும் விரிக்காம இருந்ததில்லையே?"

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார். "விரிச்சுக் காட்டும்" என்றார். குடை விரிந்தது. செப்புக் கம்பித் துண்டுகள் படிக்கல்லில் விழுந்து உருண்டன.  தெருவில் கிளம்பிய கூச்சல் இருக்கிறதே, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேட்டிருக்கும். உன் அப்பா என் முந்தானையை விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். குடைக்காரரை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து சோதனை போட்டார். பூஜை அறைக்கு முன் பூட்ஸைக் கழற்றினார், அரிசிப் பானையை என்னைக் கேட்டு இறக்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்றே சோதனை மகஜரும் எழுதினார். காபிக் கடைக்காரர் கையெழுத்துப் போடும்போது, "ஐயா, அந்தக் கம்பி?" என்று இழுத்தார். "அது வீட்டுல கிடைக்கலையே. வீட்டுல கிடைச்சதைத்தான் இதுல எழுதணும்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குடைக்காரர் மேல் போட வேண்டிய கேஸையும் அதோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் எனக்குத் திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அதே இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார், பகலில், சாப்பாட்டு நேரத்தில். சோதனை போட வரவில்லை. உன் அப்பாவைக் கூட்டிப் போக வந்தார். என்ன குற்றம் என்று கேட்டேன், சாட்சி யார் என்று கேட்டேன். "இதுக்குச் சாட்சி வேண்டாம்மா. கோர்ட்டும் கிடையாது. இந்த ஆளால ஆபத்துன்னு மேலே நினைச்சா போதும். பாதுகாப்புச் சட்டம்" என்றார். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. உன் அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் காத்திருந்தார். விலங்கு மாட்டவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இப்பவும் கையைத் தூக்குங்க, பாப்போம்!" என்று கத்தினேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "தூக்கச் சொன்னா தூக்குறேன்மா. ஆனா இந்தத் தடவை நீங்க சோதிக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

அந்த மனிதரை என்னவென்று சொல்ல? கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். நல்லவர் என்று சொன்னால் உன் அப்பா ஜெயிலில் கிடந்த நாட்களுக்கு யார் பதில் சொல்வது? நான் ரொம்ப நாள் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கையைத் தூக்கியது நியாயம். விலங்கு மாட்டாதது இரக்கம். இரண்டும் ஒன்றில்லை, ராசா. இரக்கம் அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது, கொடுக்காவிட்டால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. நியாயம் நாம் வாசலில் நின்று கேட்டு வாங்குவது. கேட்க முடிந்த இடத்தில் உன் அப்பா பிழைத்தார். கேட்கவே முடியாத சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தபோது அதே நல்ல மனிதர் கையாலேயே போனார். உன் அப்பா உண்மையிலேயே கம்பியை அறுத்திருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன். குற்றம் செய்தவனுக்கும் நிஜமான சாட்சிதான் வேண்டும், குடைக்குள்ளிருந்து விழுவது ஆகாது.

இது பழைய கதை, வெள்ளைக்காரனோடு போயிற்று என்று உன் அப்பா சொல்கிறார். போயிருந்தால் நேற்றே "சரி" என்று தந்தி அடித்திருப்பேன். நேற்றுச் சாயங்காலம் யார் வந்தார் தெரியுமா? குடைக்காரர்! வேலை உயர்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "நம்ம மருமகப்பிள்ளை டிபார்ட்மெண்டுக்கு வாரானாமே! இனிமே நாமெல்லாம் ஒரே பக்கம் தங்கச்சி" என்றார். சட்டையில் சின்னதாக மூவர்ணக் கொடி குத்தியிருந்தார். உன் அப்பா அவரை உட்காரவைத்து உபசரித்தார், அவர் மனசு அப்படி. நான் காபி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன், "அன்னைக்கு அந்தக் கம்பியை உங்ககிட்ட யாருண்ணே குடுத்தது?"

அவருக்குக் கோபம் வரவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "யாரு குடுத்தா என்னா தங்கச்சி? மேலே இருந்து ஆளைக் கேட்டாக, நாங்க குடுத்தோம். நாளைக்கு உம் மகனையும் கேப்பாக. மேலே உக்காந்திருக்கிறவுக மாறுவாக, கேக்குறது மாறாது." சொல்லிவிட்டு உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. குடைக்காரர் போன பிறகு கடையில் வெகுநேரம் ஒரு சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் மந்திரியாகிவிட்ட நம் ஆட்களும் கோர்ட்டு இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்கிற சட்டம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது என்றார். எனக்கு அது முன்பே தெரியும். நானும் பேப்பர் படிக்கிறவள்தானே.

ஆகவே, போலீஸை நம்பலாமா என்று கேட்டாயே, நம்பக் கூடாது. யார் போலீஸானாலும் நம்பக் கூடாது. நம் போலீஸ் என்றால் இன்னும் ஒரு படி கூடுதலாகச் சோதிக்க வேண்டும், நம்மவன் என்று கண்ணை மூடிக்கொள்வோம் அல்லவா, அதனால். இதைச் சொல்லிவிட்டு உன்னை எப்படிப் போகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். போகச் சொல்வதற்குத்தான் இதைச் சொன்னேன். நீ போகாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, குடைக்காரரின் மைத்துனன் ஒருவன் தயாராக இருப்பான். அந்த இன்ஸ்பெக்டர் மட்டும் அன்று கையைத் தூக்காமல் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தால் என் வழக்கமும் வக்கீல் சொன்ன சட்டமும் என்ன ஆகியிருக்கும்? கேட்பதற்கு வாசலில் ஒருத்தி வேண்டும், கேட்டதும் நிற்பதற்கு எதிரே ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் என் மகனாக இருக்கட்டும் என்று எனக்குப் பேராசையாக இருக்கிறது. மேலே இருந்து ஆளைக் கேட்பார்கள். சாட்சியைக் காட்டுங்கள் என்று நீ திருப்பிக் கேள். சாட்சி வேண்டாத சட்டத்தை நீட்டினால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறு. உன் அப்பாவுக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் போதவில்லை, உனக்கு ஒரு நாளும் சோறு இல்லாமல் போகாது.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். இன்று காலையில் தெருப் பெண்கள் எல்லோரும் சர்க்கரையோடு வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். எல்லோரையும் உட்காரவைத்து, சோதனை போட வருகிறவர்களை எப்படிச் சோதனை போடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். தலைப்பாகை, பெல்ட், பூட்ஸ், குடை, ஒன்றையும் விடக் கூடாது என்றேன். "உங்க மகன் வந்தாலுமா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "எம் மகனைத்தேன் முதல்ல" என்றேன். ஆகவே இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தால் தயாராக வா.

போய் வா, ராசா. அம்மாவுக்குச் சம்மதம், ஆயிரம் தரம் சம்மதம். ஒரு நாள் யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் போய் நிற்பாய். அவள் பயந்துபோயிருப்பாள், கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீயே தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தூக்கு. கேட்ட பிறகு தூக்கியவர் ஒருவரைப் பார்த்துவிட்டேன். கேட்காமலே தூக்கியவனை நான் இன்னும் பார்த்ததில்லை.

உன் அம்மா.